நூறு பேரில் முழுதாக வராத ஒரு பிள்ளை

பிள்ளை பெற்றவர்கள் சரிபார்க்கும் வேலைக்கு ஆகாதவர்கள். பயத்தில் பத்துத் தடவை பார்ப்போம். பார்க்கவேண்டிய இடத்தைத் தவிர.

என் வேலை, பாடசாலைப் புள்ளிவிபரங்களை ஒன்றோடொன்று தொடுத்து இணையத்தில் வெளியிடுவது. ஒவ்வோர் எண்ணுக்கும் தனி முகவரி. அது எதை அளக்கிறது, அலகு என்ன என்பதும் கூடவே போகும். யாருடைய தளமும் அவற்றைத் தானாக இழுத்துக் காட்டலாம். (வசதிதான். பிழையும் அதே வசதியோடு பயணம் போகும்.)

அந்த முறை வருகைப் பட்டியலில், வெள்ளவத்தையில் என் மகள் ஆரணி படிக்கும் பாடசாலையின் விபரம் மட்டும் பிந்தி வந்தது. மகளின் பாடசாலை அல்லவா? கணினியை நம்பாமல் என் கையாலேயே பதிந்தேன். நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு. முழுமையை ஒன்றாகக் கொண்டு அதை 0.94 என்று எழுதலாம் எனப் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். எழுதினேன். பத்துத் தடவை பார்த்தேன். எண் சரிதான். பட்டியல் முழுவதற்கும் ‘சதவீதம்’ என்ற அலகு ஏற்கெனவே ஒட்டியிருந்ததைத்தான் பார்க்கவில்லை. மற்றப் பாடசாலைகள் தொண்ணூறுகளில் நிற்க, எங்களுடையது 0.94 சதவீதம்.

பாடசாலைகளை ஒப்பிட்டுக் காட்டும் ஒரு தளம் மறுநாளே அதை இழுத்துக்கொண்டது. அதன் வரைபடத்தில் மற்றவர்களுக்குத் தென்னை உயரத்தில் கம்பங்கள். எங்களுக்குத் தூசிபோல ஒரு கோடு. அதுவும் புதிய பிள்ளைகளைச் சேர்க்கும் வாரம்.

பெற்றார் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதினார்: “நூறு பேரில ஒரு பிள்ளைகூட முழுசா வாறேல்லையாம். அந்தப் பிள்ளை எதை வீட்டில விட்டிட்டு வந்தது?”

பின்னேரம் அதிபர் அழைத்தார். போனபோது ஆரணியும் புத்தகப் பையோடு பக்கத்தில் நின்றாள்.

“மூண்டு தாய்மார் அட்மிஷன் ஃபோமைத் திருப்பித் தந்திட்டினம். நீங்கள் அந்தக் கந்தோரிலதானே வேலை? இதைச் செய்த மடையன் ஆரெண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ.”

‘பார்க்கிறேன்’ என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். (பழிபோட ஓர் ஆளைக்கூட மனதில் தெரிவு செய்துவிட்டேன்.) ஆரணி என் முகத்தையே பார்த்தாள்.

“நான்தான் மிஸ்,” என்றேன்.

அதிபர் கணக்கு ஆசிரியையாக இருந்தவர். கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார்.

“ஏழாம் ஆண்டுப் பிள்ளையளுக்கு நான் இதுக்குத்தான் மாக்ஸ் வெட்டுறனான்.”

“ஓம் மிஸ்.”

அன்றே அந்த மூன்று தாய்மாருக்கும் நானே தொலைபேசி எடுத்து, பிழை பாடசாலையுடையது அல்ல, என்னுடையது என்றேன். இருவர் திரும்பி வந்தார்கள். மூன்றாமவர், “நீங்களும் அங்கதானோ படிச்சனீங்கள்?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

எண்ணைத் திருத்த ஒரு நிமிடம். ஊரெல்லாம் போன பிரதிகள் திருந்த ஒன்பது நாட்கள்.

இன்றும் காலையில் எழும்பப் பஞ்சிப்படும் ஆரணி, கடைசியில் சப்பாத்தை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று சொல்வாள்: “சரி, போறன். நானும் போகாட்டி அந்த ஒராளும் இல்லை.” வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். நான் கைத்தொலைபேசியை எடுத்து அந்த வருகைப் பட்டியலின் அலகைப் பார்த்துக்கொள்வேன்.

நேற்றும் சரியாகத்தான் இருந்தது.