மூத்த சகோதரியின் சலவைக் கூடை

என் மதிப்புக்கும் அதைவிட அதிகமாக என் பயத்துக்கும் உரிய அக்காவுக்கு, இதே வீட்டின் முன்னறையிலிருந்து தம்பி எழுதுவது.

நலம் விசாரித்துத் தொடங்குவதுதான் முறை. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் நீ புரண்டு படுப்பது கேட்கிறது. மூன்று நாளாக உன் அறை ஜன்னல் சாத்தியே கிடக்கிறது. ஆகவே நலமா என்று கேட்டால் பொய். நான் நலம் என்றாலும் பொய். இரண்டையும் விட்டுவிடுகிறேன். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

அக்கா, நான்தான் மூத்த சகோதரி.

நீ சிரிக்க மாட்டாய் என்று தெரியும். உங்கள் நர்ஸுகள் எல்லாம் இருக்கிற அந்த இணையக் குழுவில், பதினாறு ஆண்டு அனுபவம் என்று போட்டுக்கொண்டு, தினமும் காலையில் ஒரு அறிவுரை எழுதி, நாற்பதாயிரம் பேரைத் தலையாட்ட வைக்கிற அந்த அம்மாள் நான்தான். இருபத்தேழு வயது. இலக்கிய முதுகலை. புத்தகங்களுக்குப் பிழை திருத்தும் வேலை. ரத்தத்தைப் பார்த்தால் உட்கார்ந்துவிடுவேன். அனுபவம் மட்டும் உன்னுடையது.

எல்லாம் உன் பழைய போனால் வந்தது. எனக்குக் கொடுத்தாய், குழுவிலிருந்து வெளியேற மறந்துவிட்டாய். ஒரு நாள் மதியம் ‘புதுச் செருப்பு’ என்ற பெயரில் ஒரு பெண் கேட்டிருந்தாள், வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வாரம், ஒரு நோயாளி என்னிடம் பேசவே மாட்டேன் என்கிறார், முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், நான் என்ன தப்பு செய்தேன் என்று. நாலு மணி நேரம் யாரும் பதில் சொல்லவில்லை. நான் துணி துவைக்கப் போனேன். உன் யூனிஃபார்மின் வலது தொடைப் பக்கம் வழக்கம்போல பிளாஸ்டர் துண்டுகள். வார்டில் காகிதம் தேட நேரமில்லாமல் பிளாஸ்டரைக் கிழித்து உடுப்பிலேயே ஒட்டி, அதன் மேலேயே பேனாவால் எழுதுவாயே, அதுதான். உரிக்காமல் போட்டால் மெஷின் அடைத்துக்கொள்ளும். உரித்தேன். ஒன்றில் இப்படி இருந்தது: ‘6 — முதலில் கண்ணாடி.’

படுக்கை எண் ஆறு. முதலில் கண்ணாடி. அவ்வளவுதான்.

கையில் சோப்போடு வந்து, ‘மூத்த சகோதரி’ என்று புதுப் பெயர் ஒன்று போட்டுக்கொண்டு பதில் தட்டினேன்: ‘முதலில் அவர் மூக்குக்கண்ணாடியை எடுத்துக் கொடு. பிறகு பேசு.’ மறுநாள் அந்தப் பெண் எழுதினாள்: ‘அவருக்கு நான் யார் என்றே தெரியவில்லை அக்கா. கண்ணாடி டிராயருக்குள் இருந்தது. இப்போது பேச்சை நிறுத்தவே மாட்டேன் என்கிறார், எனக்கு வேறு வேலை இருக்கிறது, என்ன செய்ய?’

அந்த இரண்டாவது கேள்விக்கும் அடுத்த நாள் கூடையில் துண்டு இருந்தது. இப்படித்தான் ஒரு மனிதன் கெட்டுப்போகிறான்.

ஒரு விஷயத்தில் மட்டும் யோக்கியமாக இருந்தேன். மருந்து, அளவு, ஊசி என்று யார் கேட்டாலும் ஒரே பதில்: ‘உன் மேற்பார்வையாளரைக் கேள்.’ அதற்கும் ‘எவ்வளவு அடக்கம்’ என்று பாராட்டினார்கள். அந்தக் குழுவில் அடக்கம் அபூர்வம். முப்பது வருடம் அறுவை சிகிச்சைப் பிரிவில் இருந்ததாகச் சொல்லும் ஒருவர் எந்த நோயாளியையும் மாதம் ஒருமுறை இடம் மாற்றிப் போடச் சொல்கிறார், முன்னால் இருப்பவரைப் பின்னால், பின்னால் இருப்பவரை முன்னால். தேய்மானம் சீராக இருக்குமாம். டயர் கடை வைத்திருக்கிறார் என்பது என் ஊகம். இன்னொரு அம்மாள் வார்டு இன்சார்ஜைச் சமாளிக்கச் சொல்லும் வழி ஒவ்வொன்றும் மாமியார் வாசனை அடிக்கிறது. தகுதியில்லாதவர்கள் எல்லோரும் அங்கே வரிசையாக உட்கார்ந்திருக்கிறோம். வித்தியாசம் ஒன்றுதான். அவர்கள் தங்கள் தலையிலிருந்து எழுதுகிறார்கள். நான் உன் தொடையிலிருந்து திருடுகிறேன்.

உனக்கு நினைவிருக்கிறதா, ஒரு நாள் சாப்பிடும்போது நீயே பேச்செடுத்தாய்.

“யாரோ மூத்த சகோதரியாம். வார்டுல எல்லாரும் படிக்கறாங்க. நல்லாத்தான் சொல்றா.”

எனக்குப் புரையேறியது. நீ தண்ணீரை நகர்த்தினாய்.

“எந்த ஆஸ்பத்திரியாம்?” என்றேன்.

“தெரியல. ஆனா நின்னு நின்னு கால் வீங்கின பொம்பளடா. எழுத்துலயே தெரியுது.”

நான் அதை மெத்தையில் சாய்ந்துகொண்டு எழுதியிருந்தேன்.

“ஆமா, என் துணியில ஒட்டியிருக்கற பிளாஸ்டரெல்லாம் உரிச்சு என்ன பண்ற?”

“தூக்கிப் போடறேன்.”

“ம்.”

அதுவும் பொய். ஒன்றைக்கூடத் தூக்கிப் போடவில்லை. என் நோட்டில் தேதி வாரியாக ஒட்டி வைத்திருக்கிறேன், சிறுகதை எழுதுவதற்காக வாங்கிய நோட்டில். ஐந்து வருடமாக ஒரே கதை. பதினாலு பக்கம். அதில் ஒருவன் பேருந்துக்காகக் காத்திருக்கிறான், இன்னும் பேருந்து வரவில்லை. நீயோ மூன்று சொல்லில் ஓர் ஆளை முழுசாக எழுதிவிடுகிறாய். ‘10 — வலது காது.’ ‘3 — மகள் அல்ல, மருமகள். பாராட்டு.’ ‘2 — கேட்காதே. உட்கார்.’ இந்த இரண்டாம் எண்ணை நான் எத்தனை முறை படித்திருப்பேன் என்று உனக்குத் தெரியாது. இதில் நான் திருத்த ஒரு காற்புள்ளிகூட இல்லை. செய்து முடித்ததும் துண்டின் மேல் குறுக்கே ஒரு கோடு இழுக்கிறாய், அந்தக் கோட்டில்கூட அவசரம் இல்லை. பள்ளிக்கூடத்தில் உனக்குத் தமிழில் முப்பத்தெட்டு மார்க் என்று நான் கேலி செய்ததற்கு இந்த இடத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

எல்லாவற்றிலும் உயர்ந்தது எண் இல்லாத ஒரு துண்டு: ‘அழுத்திப் பிடி. மூன்று எண்ணு. விடு.’ அதை எழுதிய மனநிலையை நினைத்து அன்றைக்குத் துணியைக் காயப்போடவே மறந்துவிட்டேன். முதல் நைட் டூட்டியில் கை நடுங்குகிறது என்று கேட்ட புதுச் செருப்புக்கு அதைத்தான் கொடுத்தேன். கட்டைவிரலால் உள்ளங்கையை அழுத்தி, மூன்று எண்ணி, விட்டாளாம். நடுக்கம் நின்றதாம். இன்று நாடெங்கும் எத்தனை வார்டுகளில் எத்தனை பேர் உள்ளங்கையை அழுத்திக்கொண்டு நிற்கிறார்களோ.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குழுவில் ஒரு கடினமான கேள்வி வரும். டாக்டர் தன் தவறை என் மேல் போடுகிறார், இன்சார்ஜ் எல்லோர் முன்னாலும் கத்துகிறார், இப்படி. எனக்கு ஒன்றும் தெரியாது. பேசாமல் இருப்பேன். இரண்டு நாளுக்குள் கூடையில் சரியாக அதற்கேற்ற துண்டு கிடைக்கும். ‘கத்தினால் கடிகாரத்தைப் பார். நேரத்தைக் குறித்துக்கொள். அவர்கள் குரல் இறங்கும்.’ எண் இருக்காது. ஒரு தொழிலின் ஆழம் என்பது இதுதான், எந்தக் கேள்விக்கும் அதன் உள்ளேயே பதில் நடமாடிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அதைப் பற்றி ஒரு கட்டுரைகூடத் தொடங்கினேன். பதினோராவது வரியில் நிற்கிறது.

இனி சிரிக்கிற விஷயம் இல்லை.

இந்த இரண்டு வாரத்தில் ‘9 — ஜன்னல்’ என்று தினமும் ஒரு துண்டு வந்தது. பதினொன்று சேர்ந்ததும் இது ஏதோ பெரிய உண்மை என்று முடிவு செய்து, மறுநாள் காலை அறிவுரையாகப் போட்டேன்: ‘எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் ஜன்னலைத் திற.’ எண்ணூறு பேர் இதயம் போட்டார்கள். அதன் கீழே பெயர் இல்லாமல் ஒருவர் எழுதினார். எனக்கு மனப்பாடம்.

‘பதினாறு வருஷம். ஒருத்தர் தினமும் ஜன்னலைத் திறக்கச் சொல்வார். அன்றைக்கு மறக்கக் கூடாது என்று எழுதியும் வைத்திருந்தேன். வேலைகளை முடித்துவிட்டுப் போனால் படுக்கையில் புது விரிப்பு. யாரும் சொல்லவில்லை. வேலையை விட்டுவிடலாம் என்று இருக்கிறேன். மூத்த சகோதரி என்ன சொல்கிறீர்கள்?’

நோட்டை எடுத்துப் பார்த்தேன். பத்துத் துண்டுகளின் குறுக்கே கோடு இருந்தது. பதினொன்றாவதில் இல்லை. சம்பளம் வாங்கிக்கொண்டு பிழை பார்க்கிறவன் நான். கோடு இல்லாததைப் பார்க்கவில்லை. எண்ணிக்கையை மட்டும் பார்த்தேன்.

பிறகு என் கணினியில் நீ மூட மறந்த அந்தக் கடிதம். ராஜினாமா. நாலு வரி. ஒரு பிழை இல்லை. மூன்று சொல்லைத் தாண்டினால் நீ பிழையில்லாமல் எழுதி நான் பார்த்ததே கிடையாது. அதனால்தான் பயமாக இருக்கிறது. அச்செடுத்து உன் கைப்பைக்குள் வைத்திருக்கிறாய், இன்னும் கொடுக்கவில்லை. பையை நான் திறக்கவில்லை, ஓரம் வெளியே தெரிகிறது.

(இந்த வரியை எழுதும்போது நீ எழுந்து வந்தாய். மதியம் டூட்டி. கொண்டையில் ஊசி குத்திக்கொண்டே கேட்டாய், “என்னடா எழுதற?” “பிழை திருத்தறேன்.” “யாரோடது?” “என்னோடதுதான்.” “அப்ப இன்னும் நாளாகும்” என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினாய். கிளம்பியும் விட்டாய். பை உன் தோளில். ஓரம் இன்னும் வெளியேதான் இருந்தது.)

மூன்று நாளாக ஆயிரம் பேர் மூத்த சகோதரியின் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை. அவளுடைய சொற்கள் எல்லாம் கேட்டவளிடமிருந்து எடுத்தவை. அவற்றையே திருப்பிக் கொடுத்தால் அதைவிட அசிங்கம் இல்லை. ஆகவே இதற்கும் என் பழைய விதிதான்: உன் மேற்பார்வையாளரைக் கேள். உனக்கு மேல் யார் என்றுதான் தெரியவில்லை. நான் ஆலோசனை சொல்ல மாட்டேன். எனக்குத் தகுதியில்லை. போனாலும் சரி, இருந்தாலும் சரி, சாயங்காலம் உன் காலுக்கு வெந்நீர் வைப்பேன், அது தகுதி தேவைப்படாத வேலை. ஆனால் ஒரு கணக்கு மட்டும் உன்னிடம் சொல்ல வேண்டும். பதினொரு நாள் அவர் கேட்டார். பத்து நாள் ஜன்னல் திறந்தது. நோட்டைக் கடிதத்தோடு வைக்கிறேன். புரட்டிப் பார்.

உன் கணுக்கால் வீக்கம் வடியட்டும். ஆஸ்பத்திரி லிஃப்ட் உனக்காக நிற்கட்டும். இன்சார்ஜின் தொண்டை கட்டட்டும், ஒரு வாரத்துக்கு மட்டும். உன் கை பட்டவர்கள் எல்லோரும் அவரவர் கண்ணாடியோடு வீடு போய்ச் சேரட்டும்.

இப்படிக்கு,
உன் தம்பி,
இன்று முதல் முன்னாள் மூத்த சகோதரி.

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்டுவிட்டுத் துணி துவைக்கப் போனேன். சலவைக் கூடையின் மூடி மேல், உரிக்கவே தேவையில்லாமல், மூன்று துண்டுகள் வரிசையாக ஒட்டியிருக்கின்றன. உன் கையெழுத்து.

‘மூணு எண்ணுறது வார்டு பாத்ரூம் ஃப்ளஷுக்குடா, எருமை.’

‘மத்தபடி நம்பர் இல்லாதது எல்லாம் உனக்குன்னு எழுதினது. குழுவுல வர்ற கேள்விய டீ டைம்ல பார்ப்பேன்.’

‘இந்த ஒரு கேள்விக்கு எங்கிட்ட துண்டு இல்ல. அதான் உன்னக் கேட்டேன். மூணு நாளா என்ன பண்ற?’

ஆகவே அக்கா, மேலே உள்ள கடிதத்தில் திருடுகிறேன் என்று வரும் இடத்தை அடித்துவிட்டுப் படி. ‘ஆலோசனை சொல்ல மாட்டேன்’ என்ற வரியையும் அடி. சொல்கிறேன். அந்த நாலு வரியைக் கொடுக்காதே. முதலில் பத்து நாள் லீவு கேள். அதற்கான விண்ணப்பத்தை நானே எழுதி நோட்டுக்குள் வைத்திருக்கிறேன்: ஒரு பக்கம், எட்டுப் பிழை, நீ எழுதியது மாதிரியே இருக்கும். பத்து நாளுக்குப் பிறகும் போகத்தான் தோன்றினால், அந்த நாலு வரியை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

உன் பிளாஸ்டர் சுருளில் ஒரு துண்டு கிழித்தேன். ‘அக்கா — ஜன்னல்’ என்று எழுதி என் சட்டையில் ஒட்டிக்கொண்டேன். உன் அறைக்குப் போய்த் திறந்தும் வைத்துவிட்டேன்.

கோடு போடவில்லை. நீ வந்து பார்த்துவிட்டுப் போடு.