நைனாவை வடிகட்டிய கதை

முட்டாள்தனத்தால் வரும் அவமானத்தைத் துடைத்துப் போட்டுவிடலாம். அதிபுத்திசாலித்தனத்தால் வருவது லேசில் போகாது. எனக்கு வந்தது இரண்டாவது ரகம்.

எனக்கு ஹாம் ரேடியோ பைத்தியம். (பரீட்சை எழுதி வாங்கிய லைசென்ஸ் உண்டு, பைத்தியத்துக்குத்தான் அளவில்லை.) பழவேற்காடு ஏரிக்கரையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு கம்பியைக் கட்டி, என்னைப் போன்ற பைத்தியங்கள் பல நாடுகளிலிருந்து அனுப்பும், காதுக்கே எட்டாத டிஜிட்டல் சிக்னல்களைக் கம்ப்யூட்டரில் பிடிப்பேன். ஏதாவது நாடு சிக்கினால் என் போனில் மணியடிக்கும், ஹாம் நண்பர்களின் குரூப்புக்கும் தகவல் போகும். முதல் நாள் ஓயாமல் போன தகவல்களைப் பார்த்து, நிறுத்தச் சொல்லி நண்பர்கள் கும்பிட்டுக் கெஞ்சினார்கள். உடனே ஒரு வடிகட்டி எழுதினேன். ஒரு தடவை பிடித்த நாடு மறுபடி வந்தால் மணி அடிக்காது. ஐஸ்லாந்து ஒரு தரம் கிடைத்துவிட்டதா? அப்புறம் அது தொண்டை கிழியக் கத்தினாலும் எனக்குத் தேவையில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துவேனா?

எங்கள் ஊரில் ஏரியின் நல்ல இடத்தில் இறால் வலை போட முறை உண்டு. ஒரு நாளைக்கு ஒருவர். தவறவிட்டால் சுற்று முழுதும் முடிந்துதான் திரும்பி வரும். நாளைக்கு யார் முறை என்று கன்னியப்பன் மாமா ஊர் வாட்ஸப் குரூப்பில் போடுவார். அது குட்மார்னிங் ரோஜாப்பூக்களுக்கு அடியில் புதைந்துவிடும். என் அப்பாவுக்கு, அதாவது நைனாவுக்கு, தோண்டிப் பார்க்கப் பொறுமை கிடையாது, தினமும் மாமா வீட்டுக்கே நடந்துபோய்க் கேட்டு வருவார்.

"இனிமே யாரையும் கேக்காத நைனா. உன் பேர் வந்தா போன் மணியடிக்கும். அடிக்கலன்னா நிம்மதியா இரு" என்றேன். என் ரேடியோ புரோகிராமை அப்படியே ஊர் குரூப்புக்கும் மாட்டிவிட்டேன்.

முதல் முறை கணீரென்று அடித்தது. வலை நிறைய இறாலோடு வந்த நைனா, தெருவெல்லாம் என் பெருமையைப் பேசினார்.

சுற்று முடிந்து அடுத்த முறை வந்தது. இறால் கொட்டுகிற சீசன். முறை இன்றோ நாளையோ வந்துவிடும் என்று அம்மா காலையிலேயே மசாலா அரைத்துவிட்டாள். நைனாவோ டீக்கடையில் வடை தின்றுகொண்டிருந்தார். அங்கே வந்த கன்னியப்பன் மாமா பதறிப்போய், "இன்னாண்ணே, இங்க குந்திகினு கீற? இன்னிக்கு உன் முறையாச்சே" என்றாராம். போன் அடிக்கவில்லையே என்று நைனா சாதித்திருக்கிறார். அதற்குள் நீரோட்டம் மாறி, அன்றைய முறை வீணாகிவிட்டது.

ஓடிப்போய்க் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். நைனாவின் பெயருக்கு நேராக இருந்தது: "ஏற்கெனவே பிடித்தது. தேவையில்லை."

போன சுற்றிலேயே பெயர் வந்துவிட்டதால், ஐஸ்லாந்தைத் தள்ளுவதுபோல் பழசென்று தள்ளிவிட்டது என்று திக்கித் திணறி விளக்கினேன். நைனா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் இன்னா ஐஸ்லாந்தா?"

சத்தியமாக அழுதுவிட்டேன். அரைத்த மசாலாவில் அம்மா உருளைக்கிழங்கைப் போட்டாள். மறுநாளிலிருந்து நைனா பழையபடி மாமா வீட்டுக்கு நடந்தார்.

இன்றைக்கும் நான் மறுசோறு கேட்டால், அம்மா கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஏற்கெனவே போட்டது, தேவையில்லை" என்பாள். அதுகூடப் பரவாயில்லை. இப்போது எனக்குச் சென்னையில் வேலை. ஒரே நாளில் இரண்டாம் தடவை வீட்டுக்குப் போன் செய்தால், நைனா எடுத்துத் தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்வார்:

"ஐஸ்லாந்து பேசறேன். சொல்லும்மா."