குழியண்ணா பாட்டு

ஒரு குழிக்கு இந்த உலகம் செய்த ஆகப் பெரிய மரியாதை, துடியலூர் பூங்குயில் நகரில், எங்கள் தெருமுனையில்தான் நடந்தது. இதைப் பெருமையுடன் பதிவு செய்கிறேன்.

தண்ணீர்க் குழாய்க்காக வெட்டினார்கள். குழாய் வந்தது. குழி தங்கிவிட்டது. என் மனைவி ஷ்ரவ்யா மனு கொடுத்துப் பார்த்தாள். பிறகு பாட்டு எழுதினாள்.

"நல்லாத் திட்டி எழுது" என்றேன்.

"திட்டறதுக்கு நாம என்ன வெளியூர்க்காரங்களாங்க? மரியாதையாக் கேட்டா மூடிப்போடுவாங்க."

கும்மி மெட்டில் அவளே பாடினாள். நண்பன் சாஹில் பம்பையும் உறுமியும் சேர்த்து 'சிங்கிள்' என்று வெளியிட்டான்.

ஏனுங்க குழியண்ணா, சௌக்கியமுங்களா?
எம்பட வண்டி போகோணும், நகருறீங்களா?

கோபி முதல் சென்னிமலை வரை கல்யாண மண்டபங்களில் அதே பாட்டு. மாப்பிள்ளைகள் குழி தாண்டும் 'ஸ்டெப்' போட்டபடி மேடையேறினார்கள். எங்கள் பகுதிச் சாலைப் பொறியாளர் அதைத் தன் காலர் ட்யூனாக வைத்துக்கொண்டார். குழியைப் பற்றிப் புகார் சொல்ல அழைத்தால் ஷ்ரவ்யாவே முழுப் பாட்டையும் பாடுவாள். அவர் எடுக்க மாட்டார்.

குடியிருப்போர் சங்கத் தலைவர் பாலுசாமி பாராட்டு விழா எடுத்தார். குழியைச் சுற்றிக் கோலம். கோலத்தைச் சுற்றி, ஒரே நிறச் சேலையில் பெண்கள் கும்மி. நடுவில் குத்துவிளக்கு வைப்பது மரபு. குழியே இருந்ததால் விளக்கு தேவைப்படவில்லை.

பொன்னாடையோடு ஷ்ரவ்யா மைக்கைப் பிடித்தாள். "ரொம்ப சந்தோசமுங்க. குழிய எப்பங்க மூடறீங்க?"

கூட்டம் குலுங்கிச் சிரித்தது.

"நெசமாத்தானுங்க கேக்கறேன்."

இன்னும் சிரித்தது.

பொறியாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அம்மணி, நீங்க கோவமா எழுதியிருந்தா அன்னைக்கே மூடிப்போட்டிருப்பமுங்க. இத்தன மரியாதையா எழுதிப்போட்டீங்க. பாராட்டுன்னு நெனச்சுட்டமுங்க."

"அதுமில்லாம மார்கழில அடுத்த கும்மி இருக்குது கண்ணு" என்றார் பாலுசாமி. "குழிய மூடிட்டா எதையச் சுத்தி ஆடறது?"

அன்றே 'குழிப் பராமரிப்புத் துணைக்குழு' உதயமானது. குழியின் விளிம்பு சரிந்துவிடாமல் சுற்றிலும் சிமெண்ட் பூசினார்கள். கடமையுணர்வில் குறை சொல்ல முடியாது.

ஐப்பசி மழையில் தெரு முழுக்கத் தண்ணீர். குழி எங்கே என்று தெரியவில்லை. பால் வாங்கிக்கொண்டு ஸ்கூட்டரில் திரும்பிய ஷ்ரவ்யாவின் தலை சிமெண்ட் விளிம்பில் மோதியது. நல்ல சிமெண்ட். பால் பாக்கெட் உடையவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் நின்று பொறியாளரை அழைத்தேன். அவள் பாடினாள். கடைசி வரி வரைக்கும் கேட்டேன். அவர் எடுக்கவில்லை.

பாலுசாமி துக்கம் விசாரிக்க வந்தார். "அந்தக் குழிக்கு அம்மணி பேரையே வெச்சரலாமுங்க தம்பி."

"மூடிருங்க" என்றேன்.

"அவங்க நெனப்பா இருக்கறது அது ஒண்ணுதானுங்களே. மூடறதுக்கு மனசு வருமுங்களா?"

எங்கள் ஊர்க்காரர்களுக்குக் குழி மூடத் தெரியாது என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது. ஷ்ரவ்யாவுக்கு வெட்டியதை, பொறியாளர் உட்பட எல்லோருமாகச் சேர்ந்து, ஒரு பாட்டு முடிகிற நேரத்தில் மூடி, மண்ணைத் தட்டிச் சமப்படுத்தியும் விட்டார்கள்.