முறைப்பையன் சொன்ன ஆட்சேபணை

காதலில் பொறாமைப்பட்டவனுக்காவது ஊரில் கொஞ்சம் மரியாதை உண்டு. நான் பொறாமைப்பட்டது ஒருத்தியின் இங்கிலீஷைப் பார்த்து. அதை வெளியே சொன்னால் யாரும் நம்புவதில்லை. நம்பாததால் வந்த வினைதான் இது.

ஒருத்தி என்றால் செல்வி, என் தாய்மாமா மகள். தாராவியில் எங்கள் வீட்டுக்கும் மாமா வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். ஒரே பள்ளி, ஏறக்குறைய ஒரே மார்க். அத்தான் என்று கூப்பிட வேண்டியவள் 'ஏல சுடலை' என்பாள். அது எனக்குப் பிரச்சினை இல்லை. (இருந்தது. விடுங்கள்.) செம்பூரில் ஒரு கம்பெனியில் சேர்ந்த ஆறே மாதத்தில் அவள் போனில் பேச ஆரம்பித்த பேச்சுதான் பிரச்சினை. 'பிக் இட் அப்', 'டிராப் ஹிம் ஆஃப்', 'ஐ வில் கால் யூ பேக்'. நெரிசலான லோக்கல் ரயிலில் இரண்டு பேருக்கு நடுவே லேசாக இடுப்பை நுழைத்து உட்கார்ந்துவிடுகிற ஆள் மாதிரி, அந்த இட், ஹிம், யூ எல்லாம் அவள் வாயில் தானாகப் போய் உட்காரும். என் வாயில் அந்த ஆள் பிளாட்பாரத்திலேயே நின்றுவிடுவான்.

இரண்டு பேரும் ஒரே இங்கிலீஷ் ஆப்பில் படித்தோம். அது ஒரு வாக்கியம் சொல்லும். நாம் சத்தமாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் ஒரு நட்சத்திரம். எங்கள் குழுவின் நட்சத்திரப் பட்டியலில் செல்வி முதலிடம், நான் இரண்டாமிடம். ஒரு வருடமாக இதே நிலைமை. பல் தேய்ப்பதற்கு முன்னால் நான் பார்ப்பது அந்தப் பட்டியலைத்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை திலக் நகரிலிருந்து செல்வியைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை கணேசன் அவளுடைய கம்பெனியிலேயே வேலை பார்ப்பவர். பெண் பார்ப்பது பெயருக்குத்தான். இரண்டு பேரும் தாங்களாகவே முடிவெடுத்து, மாதக்கணக்காக மன்றாடி, வீட்டாரை இந்த நாள் வரைக்கும் இழுத்து வந்திருந்தார்கள்.

"அவ்வோ தாய்மாமன் ரொம்பக் கறார். இன்னைக்கு ஒரு கோளாறு ஆச்சுன்னா திரும்ப வரமாட்டாவ," என்று செல்வி என்னைத் தனியாக அழைத்துச் சொன்னாள். "நீ வாயத் தொறக்காம இரு. அது போதும்."

வந்தது ஒன்பது பேர். அறை பத்துக்குப் பன்னிரண்டு. அதனால் என்னைப் பலகையில் அடித்த மேல்தட்டில் ஏற்றிவிட்டார்கள். அங்கே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கிக் கொடுப்பது என் வேலை. கடைசி நாற்காலியையும் இறக்கினேன். கணேசனின் பெரியம்மா அதை ஏணியின் காலடியில் போட்டு உட்கார்ந்துவிட்டார். இனி அவர் எழுந்தால்தான் எனக்கு விடுதலை.

போனை எடுத்தேன். அவளுக்கும் எனக்கும் எட்டு நட்சத்திரம்தான் வித்தியாசம். பட்டுப்புடவையோடு திரைக்குப் பின்னால் நிற்கிறவளால் இன்று ஆப்பைத் தொட முடியாது. (நல்லவனுக்கு வருகிற யோசனையா இது?) இயர்போனை மாட்டினேன். முதலில் முணுமுணுப்பாகத்தான் சொன்னேன். கேட்கவில்லை என்றது ஆப். கூட்டினேன். காதை அடைத்துக்கொண்டவனுக்குத் தன் குரலின் அளவு தெரியாது.

கீழே நடந்ததைப் பிற்பாடு எல்லோரும் தனித்தனியாக எனக்கு நடித்தே காட்டியிருக்கிறார்கள். எங்கள் சனத்தில் பெண்ணை வெளியில் கொடுப்பதற்கு முன் முறைப்பையனுக்குச் சம்மதமா என்று கேட்பார்கள். கணேசனின் தாய்மாமன், சூப்பரிண்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர், அந்த வழக்கப்படி கேட்டார்.

"பொண்ணுக்கு முறைப்பையன் உண்டும்லா? அவன் மனசுல ஒண்ணுமில்லையே?"

"தங்கச்சி மவன் இருக்கான். அவனுக்கு ரொம்ப சந்தோசம்," என்றார் மாமா.

"டர்ன் ஹிம் டவுன்," என்றது மேல்தட்டு. அவனை வேண்டாம் என்று சொல்லிவிடு.



"கால் இட் ஆஃப்." இதை நிறுத்து.

மாமாவுக்கு அதில் ஆஃப் மட்டும் விளங்கியது. எழுந்து ஃபேனை நிறுத்தினார். மே மாதம்.

"செண்ட் தெம் அவே." இவர்களை அனுப்பிவிடு. இதை நான் மூன்று தடவை சொன்னேனாம், ஒவ்வொரு தடவையும் அழுத்தம் கூட்டி.

யாரோ ஏணியை உலுக்க, இயர்போனைக் கழற்றினேன். கீழே வியர்த்த முகங்கள் எல்லாம் அண்ணாந்து என்னைப் பார்த்தன.

"தம்பி, மனசுல உள்ளதச் சொல்லிரு," என்றார் சூப்பரிண்டெண்ட்.

"ஒண்ணுமில்ல சார். ஒரு வருசமா காலைல எந்திரிச்சதும் அவ பேரத்தான் பாக்கேன். அவ்வளவுதான்."

"பாத்துட்டு?"

"வயிறு எரியும்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லால," என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். (அது ஆனந்தக் கண்ணீர் என்று பிறகு தெரிந்தது.)

சூப்பரிண்டெண்ட் எழுந்தார். "இன்னொருத்தன் ஏங்குத பொண்ண எடுத்து நாம பாவத்தக் கட்டிக்கிட வேண்டாம். கெளம்புவோம்." கணேசன் முகத்தில் ரத்தமே இல்லை.

திரையை விலக்கிக்கொண்டு செல்வி வந்தாள். "கம் டவுன் அண்ட் ஸார்ட் இட் அவுட், ஆர் ஐ வில் த்ரோ யூ அவுட்." இறங்கி வந்து இதைச் சரிசெய், இல்லையென்றால் உன்னை வெளியே தூக்கிப் போடுவேன். ஒரே மூச்சு. இட் அதன் இடத்தில், யூ அதன் இடத்தில். அந்த நிலைமையிலும் எனக்கு முதலில் தோன்றியது, பாவி, எப்படிச் சொல்கிறாள் பார் என்பதுதான்.

பிறகுதான் அவள் கண்ணைப் பார்த்தேன். கலங்கியிருந்தது. செல்வி அழுது நான் பார்த்ததே இல்லை.

பெரியம்மா நாற்காலியை நகர்த்தி வழிவிட, இறங்கினேன். போனில் பட்டியலைத் திறந்து சூப்பரிண்டெண்டின் கையில் கொடுத்தேன். "மேல இருந்து நான் சொன்னதெல்லாம் இந்த ஆப்புல உள்ள பாடம் சார். ஆசையெல்லாம் இல்ல. பொறாம. இவளுக்கு வர்ற இங்கிலீஷ் எனக்கு வரல. இன்னைக்கு இவ பிஸியா இருக்கயில முந்திரலாம்னு பாத்தேன்." ஒன்பது விருந்தாளிகள், மாமா, அத்தை, அம்மா, வாசலில் எட்டிப்பார்த்த பக்கத்து வீட்டு மராத்திக்கார அம்மா, அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன்.

அவர் பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். "அந்த மூணு வாக்கியத்தையும் இப்பச் சொல்லு பாப்போம்." சொன்னேன். மூன்றிலும் தடுக்கி விழுந்தேன். "நெசமாவே வரல," என்றார் பெரியம்மாவிடம். பெரியம்மாதான் முதலில் சிரித்தார். மாமா ஃபேனைப் போட்டார். ஆனாலும் சூப்பரிண்டெண்ட் விடவில்லை. வெற்றிலைத் தட்டை முறைப்பையன் தன் கையால் எடுத்துக் கொடுத்தால்தான் வாங்குவேன் என்றார். கொடுத்தேன்.

கல்யாணமாகி மூன்று வருடம் ஆகிறது. அந்த வீட்டில் குக்கர் வாங்கினாலும் கணேசன் போன் செய்கிறார். "தம்பி, சம்மதம்தான? மனசுல ஒண்ணுமில்லையே?" போன மாதம் அவர்கள் குழந்தைக்குக் காது குத்து. ஆசாரி ஊசியோடு குனிந்துவிட்டார். மொத்தக் குடும்பமும் அவரை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தது. குழந்தையைப் பிடித்திருந்த செல்வியும்தான்.

"சம்மதம்னு சொல்லித் தொலயேம்ல. புள்ள அழுது."

அவள் என் வாயைப் பார்த்துக் காத்திருப்பது உலகத்திலேயே இந்த ஒரு விஷயத்துக்குத்தான். உடனே சொல்லிவிட முடியுமா? தாடையைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தேன்.