பதினேழாம் வினாவுக்காக நடந்த பெரும்போர்

விடைத்தாள் மலைகளை அஞ்சாது ஏறிக் கடந்தவளும், சிவப்புப் பேனாவைச் செங்கோலென ஏந்தியவளும், கோழிக் கிறுக்கல்களின் அடர்வனத்தில் பதினெட்டு ஆண்டுகள் வழிதவறாது நடந்தவளுமாகிய வரலாற்று ஆசிரியையே, உன்னை வணங்கி இக்கதையைத் தொடங்குகிறோம். உன் வீரத்தை உரைக்கப் புகுந்த எங்கள் நா வறளாதிருக்க, நீ சிந்தனையிலாழ்ந்து கடித்துக் கடித்து நெளித்த அந்தப் பேனா மூடியே எங்களுக்குத் துணை நிற்பதாக.

களமோ பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் சமூக அறிவியல் விடைத்தாள் திருத்தும் கூடம். சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கென்று செய்த பெஞ்சுகளில் முழங்கால் இடிபட இடிபட அமர்ந்திருந்த நாற்பது ஆசிரியப் பெருமக்களின் தலைமேல், காற்றைத் தராமல் ஒலியை மட்டும் வாரி வழங்கிய மின்விசிறிகள் சுழன்றன. கூடத்தின் முகப்பில், கைப்பிடி வைத்த ஒரே நாற்காலியில், விடைக்குறிப்பு என்னும் கேடயத்தை மார்போடு அணைத்து வீற்றிருந்தார் தலைமைத் திருத்துநர். அக்கேடயத்தைத் துளைத்த வாதம் அதுவரை பிறக்கவில்லை என்பது ஆசிரியர் உலகம் அறிந்தது.

பிற்பகலில் நம் தலைவி ஒரு தாளைத் திருத்தி முடித்துக் கூட்டினாள். முப்பத்து நான்கு வந்தது. தேர்ச்சிக்கு வேண்டியது முப்பத்தைந்து. எதிரிநாட்டு எல்லைக்கல்லில் கால் இடறி விழுந்த படைவீரனைக் கண்டாற்போல் அவள் நெஞ்சு துணுக்குற்றது. எங்கேனும் ஒரு மதிப்பெண் ஒளிந்திருக்குமோ என்று பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டியவள், பதினேழாம் வினாவில் வந்து நின்றாள்.

போர்முனையிலிருந்து ஒரு சிப்பாய் தன் தாய்க்கு எழுதிய கடிதத்தை அச்சிட்டு, 'இச்சான்றை ஆராய்ந்து படையின் உணவு நிலை பற்றி நீ அறிவதைக் கூறுக' என்று இரண்டு மதிப்பெண்ணுக்குக் கேட்டிருந்தது வினாத்தாள். அந்த முகமறியா மாணவரின் விடை இரண்டே வரி: 'நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறார். நன்றாகச் சாப்பிடுகிறவர் ஒரு தடவைதான் சொல்வார்.'

அதன்மேல் ஓடிய சிவப்புக் கோடு அவள் கை போட்டதுதான். காலையிலிருந்து நூற்றுக்கணக்கான வரிகளைக் கொய்து தள்ளிய வேகத்தில் இதையும் கொய்திருந்தாள். இப்போது மறுபடி படித்தபோது அவளுக்குக் காது சூடேறியது. பதினெட்டு ஆண்டுகளாகக் கரும்பலகையின் முன் நின்று, சொன்னதை மட்டுமல்ல, ஏன் சொன்னார்கள் என்றும் பாருங்கள் என்று தொண்டை வறளக் கத்தியவள் அவள். பார்த்த ஒரு பிள்ளையையும் தானே வெட்டிச் சாய்த்துவிட்டாளே.

எழுந்தாள். பெஞ்சு பின்னே நகர்ந்து எழுப்பிய ஓசை போர்ச்சங்கென முழங்கியது. புவியியல் ஆசிரியர், மாணவர் வரைந்த வரைபடத்தில் பேனாவால் தொடர்ந்து வந்த ஒரு நதியைக் கடலில் சேர்க்காமல் பாதியிலேயே நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். தாளை வாளென நீட்டி அவள் முகப்பை அடைந்தாள்.

"சார், இந்தப் பதினேழாவதுக்கு ஒரு மார்க் போடலாமா?"

தலைமைத் திருத்துநர் முதலில் நோக்கியது விடையையன்று, முகப்புத் தாளின் கூட்டுத்தொகையை. "முப்பத்து நாலா? இரக்கப்படுறீங்க, புரியுது. ஆனா இங்க ஆன்சர் கீயில 'உணவு போதுமான அளவு கிடைத்தது'ன்னு இருக்கு. இது அதுக்கு நேர் எதிரா இருக்கு."

"பாவம் பாத்துத்தான் தேடினேன் சார், ஒத்துக்கறேன். ஆனா இந்த விடைக்குப் பாவம் பாத்துக் கேக்கல. 'ஆராய்ந்து'ன்னுதானே கேள்வில இருக்கு? ஆராஞ்சிருக்கு."

"கீயை மீறி ஒருத்தருக்குப் போட்டா, எல்லாருக்கும் போடணும்."

"இப்படி எழுதின எல்லாருக்கும் போடுவோம் சார்."

கேடயம் அசையவில்லை. வாதங்கள் அதன்மீது பட்டுத் தெறித்து வீழ்ந்தன. கூடமே பேனாக்களைத் தாழ்த்தி நோக்கியது. அம்பறாத்தூணி காலியான வில்லாளியைப் போல் ஒரு கணம் நின்ற ஆசிரியை, குரலைத் தாழ்த்தினாள்.

"நீங்க ஹாஸ்டல்ல படிச்சிருக்கீங்களா சார்?"

"நாலு வருஷம். ஏன்?"

"வீட்டுக்கு லெட்டர் போடும்போது சாப்பாட்டப் பத்தி என்ன எழுதுவீங்க?"

தலைமைத் திருத்துநர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைக்கத் தேவையில்லாத அதை நெடுநேரம் துடைத்தார். பின் அந்த இரு வரிகளை மெல்ல, விரல் வைத்துப் படித்தார்.

"ஒவ்வொரு லெட்டர்லயும் எழுதுவேன்" என்றார். "அம்மாவும் நம்பினாங்கன்னு இத்தனை நாளா நினைச்சுட்டிருக்கேன்."

பிறகு கேடயத்தை மேசைமேல் கிடத்தி, தம் பொன்முனைப் பேனாவை உருவி, விடைக்குறிப்பின் ஓரத்தில் 'இவ்வாறு காரணத்தோடு மறுத்து எழுதினாலும் ஏற்கலாம்' என்று பொறித்து, கூடம் அதிர அறிவித்தார்: "பதினேழாவது கேள்வி, எல்லாரும் ஒரு தடவை திரும்பப் பாருங்க." ஆசிரியையிடம் தாளை நீட்டியபோது மட்டும் குரல் இறங்கியது. "ஒண்ணு எதுக்கு மேடம்? சரின்னா ரெண்டு."

தன் சிவப்புக் கோட்டைத் தானே அடித்து, இரண்டு என்று எழுதி, சுருக்கொப்பமும் இட்டு, முப்பத்தாறு என்னும் வெற்றிக்கொடியை முகப்பில் நாட்டினாள் நம் தலைவி. நாடு மீட்ட அரசியின் நடையோடு, மாண்புமிகு தாளைக் கூட்டல் சரிபார்ப்பவரின் மேசையில் கொண்டுபோய்ச் சேர்ப்பித்தாள். அவர் எச்சில் தொட்டுப் பக்கங்களைப் புரட்டினார், உதடசைத்து எண்ணினார், நிமிர்ந்தார்.

"ஏழாம் பக்கத்து மூணு மார்க்கைக் கூட்டவே இல்ல மேடம், இது முப்பத்தொம்பது."