எறாத் தராசில் நான் இளைத்த கதை

உடம்பு இளைத்ததாகச் சொல்லும் எந்தப் பெண்ணையும் நான் முதலில் ஒரு கேள்வி கேட்பேன்: "எந்தத் தராசுல நின்ன?" கேட்க எனக்குத் தகுதி இருக்கிறது. நாற்பது நாள் வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டி, கடைசியில் அரைக் கிலோ ஏறிய ஒரே பொம்பளை பழவேற்காட்டு ஏரிக்கரையில் நான்தான்.

எறா, அதான் இறால், வாங்கும் கம்பெனிகள் எங்கள் குப்பத்துக்குப் புதிதாக வந்திருந்த காலம். எனக்கு முப்பது வயது, மூன்று பிள்ளை. பொங்கலுக்குத் திருப்பாலைவனத்தில் பொம்பளைங்க கபடி என்று செய்தி வந்தது. ஆளுக்கு ஐம்பத்தைந்து கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது. மீன் கூடை தூக்குகிற ஏழு பேர் சேர்ந்தோம். (நான் பிடித்தால் எவளும் தப்பியதில்லை. இது பெருமை இல்லை, தகவல்.)

எடை பார்க்க ஊரில் இருந்தது எறா கம்பெனிக் கொட்டகையில் தொங்கும் தராசு ஒன்றுதான். ஐஸ் ஒட்டிய தட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். எதிர்த்தட்டில் கல் ஏறிக்கொண்டே போனது. அறுபது.

"இந்த ஒடம்ப வச்சிகினு கபடியா? நீ கோட்டத் தாண்டறதுக்குள்ள பொங்கலே முடிஞ்சிடும்" என்றாள் என் மாமியார்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "அஞ்சு கிலோ எறக்கி நான் ஆடலன்னா, அப்பறம் உன் எதிர்ல வாயே தொறக்க மாட்டேன் அத்தே!"

"சத்தியமா?" என்று கேட்டவள் முகத்தில் அப்படியொரு ஆசை.

எங்களைப் பழக்கிய பள்ளிக்கூட டிரில் டீச்சர் சொன்னது இவ்வளவுதான்: "சோத்தைப் பாதியாக்குங்க. மீனை விடாதீங்க, விட்டா கொழுப்போட பலமும் கரைஞ்சிடும். தினம் ஓடுங்க." விடிந்ததும் மணலில் ஓடினேன். (முதல் நாள், வலை உலர்த்திக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், "யார்ரா அது தொறத்துறது?" என்று துடுப்போடு பின்னாலேயே ஓடிவந்தார். அந்த வாரம் அவர்தான் இளைத்தார்.)

வாராவாரம் தட்டில் உட்கார்ந்தேன். ஐம்பத்தொன்பது, ஐம்பத்தேழு... முப்பத்தொன்பதாம் நாள் சரியாக ஐம்பத்தைந்து. குப்பமே கை தட்டியது.

மறுநாள் திருப்பாலைவனம். ஆட்டத்துக்கு முன்னால் அரிசி மில்லில், நெல் மூட்டை நிறுக்கும் மேடைத் தராசில் ஏற்றினார்கள். ராணி மாதிரி ஏறி நின்றேன். நடுவர் தராசுக் கம்பியில் எடைக் குண்டை நகர்த்திக்கொண்டே போனார்.

"அறுபதரை. எறங்கும்மா."

கேட்காமலே குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டேன். "ஐயா, நேத்து ஒரே ஒரு துண்டு மீன் சினை பொரிச்சித் துன்னேன்."

"ஒரு துண்டு அஞ்சரை கிலோவாம்மா?"

"...ஒரு சட்டி."

கூட்டம் சிரித்த சிரிப்பில் கூரைப் புறா பறந்தது. அடுத்து எல்லம்மா ஏறினாள். அவளுக்கும் எடை கூட. "அதிரசம்" என்று அழுதாள். அதற்கடுத்தவள் அழாமலே "பழைய சோறு" என்றாள். இப்படி நாலு பேர் தள்ளுபடி. ஆட்டம் போச்சு. கூட்டத்தில் இருந்த மாமியார் என்னைப் பார்த்து வாயில் விரல் வைத்துக் காட்டினாள்.

கடைசியாக ஏறினாள் குப்பம்மா, ஒல்லிக்குச்சி. கம்பெனித் தராசில் நாற்பத்தைந்து. இங்கே நாற்பத்தொன்பதரை.

"நா ஒண்ணுமே துன்னலியே! ரெண்டு நாளா காய்ச்சல்" என்றாள்.

ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தோம். எனக்கு எழுத்துதான் தகராறு, எண் அத்துப்படி. ஏழு பேருக்கும் பத்துக் கிலோவுக்கு ஒரு கிலோ கூட.

"அப்போ நாம்ப போட்ற எறா?" என்றாள் குப்பம்மா மெதுவாக.

அடுத்த பஸ்ஸிலேயே ஊர் திரும்பினோம். நேராகக் கொட்டகைக்குப் போய்த் தட்டில் உட்கார்ந்தேன். குப்பமே கூடிவிட்டது. கல் ஏறியது. ஐம்பத்தைந்து! வாயைத் திறந்தேன். சத்தியம் ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டேன்.

"அட, தொறடி வாய! உன் சத்தியத்த ஏரில கடாசிட்டேன்" என்றாள் மாமியார்.

"மில்லுல அறுபதரை. பஸ்ல வர்றதுக்குள்ள மிச்சம் எங்கய்யா போச்சு?" என்று பிடித்தேன்.

கம்பெனிக்காரர் துண்டால் முகம் துடைத்தார். "வேர்த்து எறங்கியிருக்கும்மா."

"எங்க எறாவுக்கும் தெனம் வேர்க்குதா?" என்றாள் மாமியார்.

கல்லைப் புரட்டிப் பார்த்தால், அடியில் ஈயம் ஊற்றியிருந்தது. மறுவாரம் புதுக் கல் வந்தது. கூடவே ஊர்ப் பெரியவர்களின் முடிவும் வந்தது: இனி எந்தக் கம்பெனி தராசு கட்டினாலும், முதலில் தேசம்மாவை, அதாவது என்னை, உட்கார வைத்துப் பார்ப்பது.

அன்றிலிருந்து நான் எடை ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. கல்யாண வீட்டில் இரண்டாம் முறை சோறு கேட்டால், "கல்லு கெட்டுடும், போடாத!" என்பார்கள். ஒரு நாள் விரதம் இருந்தால் ஊரே வந்து கஞ்சி ஊற்றும்.

இப்போது என் பேத்தி ஜிம்முக்குப் போகிறாள். "ஆயா, நீயும் ஒரு அஞ்சு கிலோ கொறைக்கலாம்" என்றாள் போன மாதம்.

என் மகன் சாப்பாட்டுத் தட்டிலிருந்து பதறி எழுந்தான்.

"ஐயோ, வேணாம்! பாவம், கம்பெனிக்காரன் ஒரு தப்பும் பண்ணாம மாட்டிக்குவான்!"