பட்டாளத்து முதுகுக்குக் கரண்டு

தேசத்தைத் தாங்குவது பட்டாளத்தான் முதுகு. ஆகவே அந்த முதுகு வலிக்கக் கூடாது என்று மேலிடம் ஆழ்ந்து பரிசீலித்து முடிவு செய்தது. சீனாக்காரன் வந்துபோன மறு வருஷம், சாரல் தொடங்கிய கையோடு, குற்றாலத்தில் ஒரு பழைய பங்களாவில் 'நாட்பட்ட இடுப்புவலி மின்தூண்டல் முகாம்' திறந்தார்கள். எதிரே என் டீக்கடை.

பெட்டி ஒன்று வந்து இறங்கியது. இரண்டு வயர், முனையில் ஈரப் பஞ்சு. இடுப்பில் வைத்துத் திருகினால் சதை தானாகத் துள்ளும்.

வைத்தியத்துக்கு வந்த ஒரே பட்டாளத்தான் வடகரை பேச்சிமுத்து. மலைப் பாதையில் லாரி ஓட்டி இடுப்பு போனவன். ஆடி முடிவதற்குள் குணமாகாவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

"லாரிய விட்டா எனக்கு வேற ஒண்ணும் தெரியாது அண்ணாச்சி" என்று என்னிடம் அழாத குறை. பாவமாக இருந்தது.

முகாம் அதிகாரி அருமைநாயகம் விதி தவறாதவர். "பரிசோதிக்காத கரண்டப் பட்டாளத்தான் மேல விடலாமா? தேசத்துச் சொத்துல்லா!" என்று முதலில் தானே படுத்துப் பார்த்தார். எழுந்தபோது முகத்தில் மாப்பிள்ளைக் களை.

"அடடா, என்னா சுகம்வே!"

அவ்வளவுதான். மறுநாள் வீரகேரளம்புதூர் பண்ணையார் சுந்தரபாண்டியன் பிளஷர் காரில் வந்து படுத்தார். அப்புறம் மளிகைக்கடை முதலாளிகள், வக்கீல்கள். தென்காசியில் 'சாப்பிட்டாச்சா?' போய் 'கரண்டு எடுத்தாச்சா?' வந்தது. பெண் வீட்டார், மாப்பிள்ளை கரண்டு எடுத்தவரா என்று விசாரித்தார்கள்.

என் வீட்டுக்காரி தங்கபுஷ்பம் விடுவாளா? "கண்டவன்லாம் கரண்டு எடுத்துட்டு நெஞ்ச நிமித்தி நடக்கான். நீங்க இங்கன டீ ஆத்திக்கிட்டு நிக்கிய!"

நானும் போய்ப் படுத்தேன். இடுப்பு வலி இல்லையே என்றேன். அது பிறகு வரும் என்றார்கள்.

பேச்சிமுத்து மட்டும் வராந்தா பெஞ்சிலேயே இருந்தான்.

"சார், என் முறை எப்பம்?"

"ஏலே, நீ உண்மையான நோயாளி. உன்ன அவசரப்படுத்தலாமா?"

ஆடிக் கடைசியில் மேஜர் ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கினார். ஊரே வராந்தாவில் கூடியிருந்தது.

"இவங்கள்லாம் யாரு?"

"கரண்டு எடுத்தவங்க சார். எல்லாருக்கும் பூரண குணம்!" என்றார் அருமைநாயகம், பெருமை பொங்க.

"பேஷ்! சர்க்கார் செலவில குணமான முதுகு சர்க்கார் முதுகு. நாளைக்கே எல்லைக்கு ரயில் ஏறணும்."

"ஐயோ, என் இடுப்பு!" என்று பண்ணையார் மடங்கினார். அடுத்த நொடி எல்லாரும் குனிந்தோம். போட்ட கூப்பாட்டில் அருவிச் சத்தமே கேட்கவில்லை. அருமைநாயகம்தான் எல்லாரையும்விட ஆழமாகக் குனிந்தவர்.

நிமிர்ந்து நின்றவன் பேச்சிமுத்து ஒருத்தன்தான். வலியில் கண்ணில் தண்ணீர் முட்ட, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சல்யூட் வைத்தான்.

"நீ எத்தனை தடவை கரண்டு எடுத்தே?"

"ஒரு தடவகூட இல்ல சார். பெஞ்சிலதான் இருந்தேன்."

மேஜர் பெஞ்சைத் தட்டிப் பார்த்தார். உத்தரவு பிறந்தது: கரண்டு எடுத்தவர்க்கெல்லாம் வலி, பெஞ்சில் இருந்தவனுக்குக் குணம், ஆகவே பட்டாளத்துக்கு இனி பெஞ்சு வைத்தியம். குணமாகாத பொதுமக்களுக்கு, குணமாகும்வரை இரட்டைக் கரண்டு.

பேச்சிமுத்து இடுப்பு வலியோடு சந்தோஷமாக லாரிக்குப் போனான். பெஞ்சும் கூடவே ரயிலேறியது.

எங்களுக்கு? நிமிர்ந்தால் எல்லை, குனிந்தால் கரண்டு. தினம் வாங்கி வாங்கி எனக்கு இப்போது நிஜமாகவே இடுப்பு வலி. பக்கத்துக் கட்டிலில் துள்ளிக்கொண்டிருந்த அருமைநாயகத்திடம் சொன்னேன்.

"உண்மையான நோயாளியா? அப்பம் உமக்குக் கரண்டு கிடையாது. போயி பெஞ்சில இரும்" என்றார்.

பெஞ்சு எங்கே இருக்கிறது?